மேஸ்திரியின் கையும் உன் முழங்கையும்

ரெஜினா, உமா போனை வைத்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கோயம்புத்தூர் வேலை உனக்கே என்று முடிவாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு அவளே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். நீ தலை வாரிக்கொண்டிருந்தாய், உன்னிடம் சொல்லிவிட்டு அப்படியே தெருவுக்கு ஓடினேன். முதலில் கண்ணில் பட்டது மீன்காரம்மா. "என் பொண்ணு ரோபோ செய்யற எடத்துல ஆபீசரு" என்றேன். அவள் கூடையை இறக்கி வைத்துக் கேட்டாள், "ரோபோன்னா இன்னாண்ணா, பெரிய மீனா?" நான் விளக்கினேன். சர்ச் பக்கம் போய்த் திரும்புவதற்குள் ராயபுரம் முழுக்க நீ அந்த இடத்துக்கே முதலாளி ஆகியிருந்தாய். அதற்கு நான் பொறுப்பில்லை. வழியில் இரண்டொரு இடத்தில் திருத்தியிருக்கலாம். கேட்பவர்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும்போது குறுக்கே பேச எனக்கு மனம் வரவில்லை.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். நீ படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள், பெற்றோர் யாராவது பிள்ளைக்குக் கடிதம் மாதிரி எழுதித் தாருங்கள் என்று சாந்தி டீச்சர் கேட்டார். என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? எட்டாம் வகுப்பு வரைக்கும் நான் பள்ளிக்கூடத்தை விடவே இல்லை, அதுதான் என்னை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் கப்பல்மேல். ஆகவே ரெஜினா, மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, தெரிந்ததையே சொல்கிறேனே என்று சலித்துக்கொள்ளாமல் படி. உங்கம்மா இப்போதே என் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கிறாள். "காலைலேர்ந்து இன்னா எழுதிகினு கீறே?" என்கிறாள். மலருக்கு என்றேன். "அந்த ஜப்பான் கேப்டன் கதய எழுதினே, பேப்பரக் கிழிச்சு அடுப்புல போட்டுடுவேன்." ஜப்பான் கேப்டன் கதை முழுக்க உண்மை. இருந்தாலும் காகிதம் முக்கியம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

என் வேலையிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும். துறைமுகத்தில் நான் சிக்னல்மேன். கிரேன் டிரைவர் மேலே கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. காது கிழிகிற சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. கப்பல் தளத்தில் விளிம்போரம் நான் நின்று கையால் சொல்வேன், அவன் செய்வான். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. ஒரு கிரேனுக்கு ஒரு சிக்னல்மேன்தான். பத்துப் பேர் கையாட்டினால் சரக்கு யார் காலிலாவது விழும். என் டிரைவர் தேவராஜ் பெரிய அதிகாரியே வந்து கைகாட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டான், என் கையை மட்டும்தான் பார்ப்பான். நான் விரலை ஆட்டினால் ஒரு கப்பலையே தண்ணீரிலிருந்து தூக்குவான் என்று நான் சொல்வதில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம். ஆனால் இந்த ஒரு கை விதிக்கு ஒரு விலக்கு உண்டு. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினால் நிறுத்து. அதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். மூட்டை தூக்குகிறவன் காட்டலாம், டீ கொண்டு வருகிறவன் காட்டலாம், வேலைக்குப் புதிதாக வந்த பையன் காட்டலாம். காட்டின நொடியில் கிரேன் நிற்கும். ஏன் எதற்கு என்பதெல்லாம் நின்ற பிறகு.

நீ பிறந்ததிலிருந்தே உன் கையும் காலும் உன் சொல் கேட்கவில்லை. ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் போகும். பேச்சும் அப்படித்தான், உள்ளே முழுசாக இருக்கிற சொல் வெளியே வருவதற்குள் இழுத்துப் பறித்துக்கொண்டு வரும். ஆனால் உன் கண்ணைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும், இது எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற தலை என்று. நம் வீட்டு மாடிப்படியில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன் அல்லவா, அதுதான் நம் விளையாட்டு. நான் கிரேன், நீ சிக்னல்மேன். நீ விரலை எப்படியோ மேலே கொண்டுவந்தால் நான் தூக்க வேண்டும். கீழே காட்டினால் இறக்க வேண்டும். இரண்டு கையையும் நீட்டிவிட்டால் படியின் நடுவில் அப்படியே நிற்க வேண்டும். ஒரு தடவை மொட்டை மாடிக்கு ஒரு படி இருக்கும்போது நீ நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. "இறங்கட்டுமாடி?" என்று கெஞ்சினேன். நீ கையை மடக்கவே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாய்.

உன்னை எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் போட்டோம். ஐந்தாவது வரைக்கும் ஓடிவிட்டது. ஆறாவதுக்குப் போகிற சமயத்தில் ஹெச்.எம். அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை, நமக்காக நிறையத் தாங்கியவர். "வகுப்புல கேள்வி கேட்டா அவளால பதில் சொல்ல முடியல. டீச்சருக்கும் அவளுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு தெரியல. செங்கல்பட்டுப் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஹாஸ்டலோட நல்ல பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. அங்க பாருங்களேன்" என்றார். உங்கம்மா வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு வருகிற வரைக்கும், உன்னை எங்கோ விட்டுவிட்டு வந்து, மாலையில் காலி மாடிப்படியில் நான் யாரைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் சாந்தி டீச்சர் உமாவைக் கூட்டி வந்தார். டீச்சருக்கு அக்கா மகள். இன்ஜினியரிங் கடைசி வருஷம், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். படிப்புக்காக எதையாவது செய்து காட்ட வேண்டுமாம், ரெஜினா மாதிரிப் பிள்ளைக்கு வகுப்பில் உதவுகிற ரோபோ ஒன்றைச் செய்கிறேன் என்றாள். ரோபோ என்றதும் என் நாடி எகிறியது. அதுவரை ரோபோ என்றால் ராட்சசன் மாதிரி நடந்து வந்து ஊரை இடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். உமாவின் ரோபோ நடக்காது. மேசைமேல் உட்கார்ந்திருக்கும். ஒரு கையைத் தூக்கும், மார்பில் பல்பு எரியும். இன்னொரு கையில் ஒரு விரல், அதற்கு முன்னால் ஒரு சின்னப் பலகை. பலகையில் நான்கு கட்டம்: விடை தெரியும், புரியவில்லை, மெதுவாக, வெளியே போக வேண்டும். விரல் ஒவ்வொரு கட்டமாக நகரும். உன் முழங்கைக்குப் பக்கத்தில் தோசைத் தட்டு அகலத்துக்கு ஒரு பொத்தான். ஒரு அமுக்கு, கை தூக்கும். மறு அமுக்கு, உனக்கு வேண்டிய கட்டத்தில் விரல் நிற்கும்.

இதை முழுக்க நான்தான் செய்தேன் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். இங்கே சாந்தி டீச்சர் படிப்பார் என்பதால் கொஞ்சம் இறங்கி வருகிறேன். உமா வாங்கிய பொம்மை மோட்டார் கையைப் பாதி தூரம் தூக்கிவிட்டு மூச்சு வாங்கியது. நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே என் தோஸ்து ஒருவன் பழைய லாரிகளைப் பிரித்துப் போடுவான். அவனிடம் சொல்லி லாரி கண்ணாடியில் மழைத்தண்ணீர் தள்ளுகிற வைப்பர் மோட்டார் ஒன்று எடுத்து வந்தேன். அதை மாட்டியதும் கை எழுந்தது பார், மந்திரி மேடையில் கையசைக்கிற மாதிரி. முதல் நாள் அது எழுந்த வேகத்தில் உமாவின் கண்ணாடி பறந்து போய் அரிசி மூட்டையில் விழுந்தது. "அங்கிள், இது பிள்ளைங்க பக்கத்துல இருக்கப் போறது. யார் மேலயாவது பட்டா?" என்று அவள் வேகத்தைக் குறைத்தாள். கிரேனுக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்ட் அடித்தது மட்டும் முழுக்க என் யோசனை. வகுப்பில் கொண்டுபோய் வைத்ததும் உன் சிநேகிதி கலா ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள், "டேய், நின்ன எடத்துல நின்னுகினு கையத் தூக்கிக் காட்டுது பாரு, எங்க நைனாவோட மேஸ்திரி மாரியே கீது." அன்றோடு அதற்குப் பெயர் மேஸ்திரி.

ஒரு வாரம் உமாவும் டீச்சரும் உனக்குப் பழக்கினார்கள். அதற்குப் பிறகு கல்வி அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், அவர் பார்த்துச் சொல்வதை வைத்து ஹெச்.எம். அம்மா முடிவு செய்வார் என்று ஏற்பாடு. இங்கேதான் என் துறைமுக மூளை வேலை செய்தது. மேஸ்திரியின் முதுகிலிருந்து இன்னொரு ஒயர் வரும். அதன் முனையில் சின்னப் பெட்டி, பழுது பார்க்க உமா வைத்தது. அதை அமுக்கினாலும் மேஸ்திரி கை தூக்கும், விரல் முதல் கட்டத்தில் நிற்கும். எனக்கு ஒரே பயம். அதிகாரி வருகிற அன்று பார்த்து உன் முழங்கை சொன்ன பேச்சு கேட்காமல் போனால்? ஒரு கிரேனுக்கு ஒரு கை என்பது என் வேதம், அந்தக் கை அனுபவப்பட்ட கையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உமாவுக்கும் சொல்லவில்லை. விடியும் முன்பே போய் ஒயரை ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வேப்பமரத்துப் பக்கம் குனிந்து நின்றேன். கஸ்டம்ஸ்காரனுக்குப் பயந்து நிற்கிறவன்கூட அவ்வளவு குனிந்திருக்க மாட்டான்.

அதிகாரி வந்தார். பின் பெஞ்சில் ஹெச்.எம். அம்மாவோடும் உமாவோடும் உட்கார்ந்தார். சாந்தி டீச்சர் பின்னக் கணக்கு நடத்தினார். "பாதி பெரிசா, மூணுல ரெண்டு பங்கு பெரிசா? யாருக்குத் தெரியும்?" நான் அமுக்கினேன். மேஸ்திரி கை எழுந்தது, பல்பு எரிந்தது, விரல் 'விடை தெரியும்' என்று காட்டியது. வகுப்பே திரும்பியது. அதிகாரி முகம் மலர்ந்தது. டீச்சருக்கு நம்ப முடியாத சந்தோஷம், "சொல்லு ரெஜினா" என்றார். நீ உன் முழங்கையைப் பார்த்தாய். அது பொத்தான்மேல் இல்லை. மேஸ்திரியைப் பார்த்தாய். ஏதோ சொல்ல வந்தாய், வரவில்லை. "பரவால்ல, யோசிச்சுச் சொல்லு" என்று டீச்சர் அடுத்த கேள்விக்குப் போனார். நான் மறுபடி அமுக்கினேன். மறுபடி கை, மறுபடி பல்பு, மறுபடி எல்லாரும் உன்னைப் பார்க்க, நீ சிவந்துபோனாய். ஹெச்.எம். அம்மா ஏதோ குறித்துக்கொண்டார். நல்லபடியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு நான் மூன்றாம் முறைக்குக் கட்டைவிரலை வைத்தேன்.

அப்போது நீ ஜன்னலைப் பார்த்தாய். ஒயர் போகிற வழியைக் கண்ணாலேயே பிடித்து வந்திருக்கிறாய். என் தலை உனக்குத் தெரிந்தது. உன் இரண்டு கையும், எப்போதும் அதது இஷ்டத்துக்குப் போகிற அந்த இரண்டு கையும், அன்றைக்கு அடிக்கோல் வைத்தாற்போல் இரண்டு பக்கமும் நீண்டன.

என் மூளை யோசிக்கவில்லை ரெஜினா. இத்தனை வருஷம் கப்பலில் நின்ற உடம்பு, அது தானே விட்டுவிட்டது. கட்டைவிரல் எழுந்துவிட்டது, பெட்டி கீழே விழுந்தது. விழுந்த சத்தத்தில் கலா எட்டிப் பார்த்தாள். "டீச்சர், ஜன்னலாண்ட ரெஜினா நைனா கீறாரு. அவருதான் அமுக்கிகினு கீறாரு." வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நான் வேப்பமரத்தை விட்டு உள்ளே வந்தேன். உமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஹெச்.எம். அம்மா எழுந்துவிட்டார். "அப்ப இவ்வளவு நேரம் நீங்கதான் பண்ணீங்களா? அவ எதுவும் பண்ணலயா?" செங்கல்பட்டு பஸ் கண்முன் ஓடியது. என்னால்தான் போகப் போகிறாய் என்று நின்றேன்.

தொப் என்று ஒரு சத்தம். உன் முழங்கை. மேஸ்திரி கை தூக்கியது. விரல் நகர ஆரம்பித்தது. 'விடை தெரியும்' வந்தது, தாண்டியது. நான் மனதுக்குள் கத்துகிறேன், போச்சே, தாண்டிவிட்டதே என்று. அடுத்த கட்டத்தில் இன்னொரு தொப். விரல் நின்றது. புரியவில்லை.

சாந்தி டீச்சர் கிட்டே வந்தார். "எது புரியல ரெஜினா?" நீ இழுத்து இழுத்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய், "மொதல்லேர்ந்து." பிறகு கலா எழுந்தாள். "டீச்சர், எனக்கும் புரியல. அதிகாரி வந்து கீறாருன்னு சும்மா குந்திகினு இருந்தேன்." அவளுக்குப் பின்னால் ஒருவன், அவனுக்குப் பின்னால் நான்கு பேர், கடைசியில் பாதி வகுப்பு கை தூக்கியது. டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டுத் தன் டிபன் டப்பாவைத் திறந்தார். இரண்டு சப்பாத்தி. ஒன்றைப் பாதியாகக் கிழித்தார், மற்றதை மூன்றாகக் கிழித்து அதில் இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் தொப், மேஸ்திரி கை. இன்னொரு தொப். விரல் முதல் கட்டத்தில் நின்றது. "மூணுல ரெண்டு" என்று நீ சொல்லி முடிக்கும் வரை அந்த வகுப்பில் ஒரு பிள்ளை குறுக்கே பேசவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். மேஸ்திரியின் பல்பு எரிந்துகொண்டிருக்கிற வரைக்கும் உன் முறை என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதிகாரி எழுந்து வந்தார். பலகையைப் பார்த்தார், பொத்தானை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். ஹெச்.எம். அம்மாவிடம் சொன்னார், "புரியலன்னு தைரியமாச் சொல்ற பிள்ளை உங்க வகுப்புல ஒண்ணு இருக்கு. அதைப் போய் ஏம்மா வெளிய அனுப்புறீங்க? இங்கயே இருக்கட்டும்." வாசல் வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இவரை மட்டும் ஜன்னல் பக்கம் விடாதீங்க." ஹெச்.எம். அம்மா அப்போதுதான் சிரித்தார். வெளியே வந்ததும் உமா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், அவளுக்கு ஒரு கை வேணும்னுதானே இவ்ளோ பாடுபட்டேன். அந்தக் கையையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி?" நான் பதிலுக்கு வைப்பர் மோட்டாரின் பெருமையைச் சொன்னேன்.

அந்தப் பின்வழி ஒயரை உமா அன்றே வெட்டிவிட்டாள். மேஸ்திரி அடுத்த வருஷமும் வகுப்பில் இருந்தான். திக்குவாய் என்று வாயே திறக்காமல் இருந்த பையன் ஒருவன் உன்னிடம் கேட்டுக் கேட்டுப் பொத்தானை அமுக்குவானாம். கேள்வி கேட்க வெட்கப்படுகிறவர்கள் எல்லாம் 'புரியவில்லை' என்ற கட்டத்துக்கு வரிசையில் நின்றார்கள், அந்தக் கட்டத்தில் பெயின்ட்டே தேய்ந்துபோனது. ஜப்பான் கப்பல் கேப்டன் பள்ளிக்கூடத்துக்கே வந்து, இதைக் கொடுத்துவிட்டு என் கப்பலை எடுத்துக்கொள் என்று என்னிடம் கெஞ்சியது இந்தச் சமயத்தில்தான். உங்கம்மா அடுக்களைக்குப் போயிருக்கிறாள், அதனால் எழுதிவிட்டேன்.

இப்போது உமா கோயம்புத்தூரில் பட்டறை வைத்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மேஸ்திரியின் பேரப்பிள்ளைகளை அனுப்புகிறாள். கண் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரும்பலகையில் இருப்பதைப் படித்துச் சொல்வது, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளையோடு முறைவைத்து விளையாடுவது என்று வகை வகையாக இருக்கிறதாம். எல்லாவற்றையும் முதலில் நீ பிடித்துப் பார்த்து, எது உதவாது என்று சொல்ல வேண்டும். அதுதான் உன் வேலை. அதற்கு உன்னைவிட ஆள் ஏது? எனக்குத் தெரிந்ததை ஒன்றே ஒன்று சொல்கிறேன், எட்டாம் வகுப்பு சொல்கிறது என்று தள்ளிவிடாதே. எந்த ரோபோ வந்தாலும் முதலில் அதன் பின்பக்கம் போய்ப் பார். ஒயர் எந்த ஜன்னலுக்குப் போகிறது, அங்கே யார் குனிந்து நிற்கிறார்கள் என்று பார். பெரும்பாலும் பாசம் உள்ள ஒருவன்தான் நிற்பான். அவனைத் திட்டாதே, பெட்டியை மட்டும் வாங்கிக்கொள். இன்னொன்று, ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு நிறுத்து பொத்தான் வை. டீச்சர் மட்டும் தொடுகிற உயரத்தில் வைக்காதே. தரையில் தவழ்கிற பிள்ளைக்கும் எட்டுகிற மாதிரி வை.

உனக்குக் கோபம் வரக்கூடிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. நேற்று உமாவிடம் போனில் நீ பேசும்போது, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று அவள் உன்னைக் கேட்டதற்கு நான் பக்கத்திலிருந்து பதில் சொன்னேன். மாடிப்படி இருந்தால் சமாளிப்பாயா என்று கேட்டதற்கும் நான்தான் சொன்னேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "நைனா" என்றாய், அவ்வளவுதான். கையை நீட்டவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. இனி போனில் நான் உனக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தால், நீ அங்கேயிருந்து கையை நீட்டு. தெரியாது என்று நினைக்காதே. ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டே எனக்குத் தெரியும். இது கூடுதல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலுக்கு வருகிறோம். உன்னை ரயில் பெட்டியில் ஏற்றுவதை உமாவும் போர்ட்டரும் பார்த்துக்கொள்வார்கள். கடைசியாக ஒரு முறை நான் தூக்குகிறேன் என்று உமாவிடம் கேட்டேன், "ரெஜினாகிட்ட கேளுங்க" என்றாள். நீ விரலை மேலே காட்டினால் தூக்குகிறேன், காட்டாவிட்டால் இல்லை. வண்டி கிளம்பும்போது என்னை ஜன்னல் வழியாகப் பார். உங்கம்மாவின் கூடை ஒரு கையிலும், தண்ணீர்க் குடம் மாதிரி இருக்கிற அவளுடைய கைப்பை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். எதற்கு இப்படிச் சுமக்கிறார் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உனக்குத் தெரியும். காலியாக விட்டால் இந்த இரண்டு கையும் எங்கே போய் நீளும் என்று எனக்கே நிச்சயமில்லை. நிறுத்து என்று யார் காட்டினாலும் நிற்க வேண்டும் என்று உனக்குப் படியிலேயே பழக்கிவிட்டேன். நீ நிற்கக் கூடாது. வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டட்டும், அதற்குப் பிறகு கூடையைக் கீழே வைக்கிறேன்.